பசை வாளிக் கள்ளி

சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் தோழர் மூக்கம்மாவுக்குப் பொன்னாடைக்குப் பதிலாக எலுமிச்சம்பழ அளவில் ஒரு கள்ளிச்செடியைக் கொடுத்த அன்றுதான், அவள் நாத்தனார் பஞ்சவர்ணம் மில் லைன் குடியிருப்பை விட்டுப் போகப்போவதாகச் சொன்னாள். இரண்டையும் மூக்கம்மா ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டாள். அந்த முகம் அதற்கு முன்பு நூற்பாலையின் வேலைநீக்க உத்தரவை வாங்கியிருக்கிறது, போலீஸ் தடியை வாங்கியிருக்கிறது, தேர்தல் காலத்தில் மட்டும் வீடு தேடி வரும் கும்பிடுகளையும் வாங்கியிருக்கிறது.

“இப்பல்லாம் துண்டு போடுறதில்லை தோழர், செடிதான்” என்று மேடையில் ஒரு இளந்தலைவர் விளக்கம் சொன்னார்.

“முள்ளோடவா?”

“இது ஒண்ணும் கேக்காது தோழர். தண்ணிகூடக் கேக்காது.”

“அப்ப எனக்குக் குடுக்க வேண்டியதுதான். நானும்தான் ஒண்ணும் கேட்டதில்ல.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கொடி பிடித்த கைக்கு, ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் அதில் விரல் வைக்க இடமில்லாத ஒரு பச்சை உருண்டையும்.

வீட்டுக்கு வந்தால், பஞ்சவர்ணம் காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கம்மாவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் தங்கை பஞ்சவர்ணம் போகவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பல வருடம் சமைத்துவிட்டார்கள்.

“மதினி, தை பொறந்ததும் திருப்பூருக்குப் போயிரலாம்னு இருக்கேன். மகன் கூப்பிடுறான்.”

“போயி?”

“பேரனைப் பாத்துக்கிட்டு ஒரு மூலையில கெடப்பேன். ஆர்ச்சில இருந்து இங்க நடந்து வர்றதுக்குள்ள உசிரு போகுது. இனிமே முடியாது.”

விஷயம் இதுதான். மில் லைனுக்கு முன்னால், மெயின் ரோட்டில் ஒரு புளியமரம் இருந்தது. டவுன் பஸ் அங்கே நின்றது. கண்டக்டர்கள் ‘புளியமரம்லாம் எறங்கு’ என்று விசில் ஊதுவார்கள். மில்லுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவர்களும் எல்லாருமே அந்த நேரத்துக்குப் புளியமரமாகி இறங்குவார்கள். பிறகு ரோட்டை நாலு வழியாக்கினார்கள். மரத்தை வெட்டினார்கள். மரம் விழுந்த மறுநாளிலிருந்து பஸ் நிற்கவில்லை. வெகுதூரம் தள்ளி, புதுக் கல்லூரியின் ஆர்ச்சில் போய்த்தான் நின்றது. டவுன் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பஞ்சவர்ணம், தேய்ந்த இரண்டு முட்டிகளோடு, வெயிலில் ஆர்ச்சுக்கு நடந்து போய், வெயிலில் ஆர்ச்சிலிருந்து நடந்து வந்தாள்.

மூக்கம்மா சும்மா இருப்பாளா? மனுக் கொடுத்தாள், மறியல் செய்தாள், டெப்போ வாசலில் கோஷம் போட்டாள். முதல் நாள் லைனே திரண்டு வந்தது; அடுத்த முறை பாதி வந்தது; அதற்கடுத்த முறை சிலர் வந்து ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள்; கடைசியில் அவளும் பேட்டரி போன மெகாபோனும் மட்டும் நின்றார்கள். கோஷம் என்பது ஓர் ஆள் செய்கிற காரியம் அல்ல. முன்குரல் ஒன்று கொடுக்க வேண்டும், பின்குரல் நூறு எழ வேண்டும். பின்குரல் இல்லாத முன்குரலை ரோட்டில் போகிறவன் பைத்தியம் என்பான். அவளையும் என்றார்கள்.

டெப்போ மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, நியாயமான குரலில் கேட்டார்: “அம்மா, ஸ்டாப் பேரு என்ன?”

“புளியமரம்.”

“மரம் எங்க?”

“வெட்டிட்டீங்க.”

“வெட்டினது நாங்க இல்ல, ரோட்டுக்காரங்க. இப்ப மொட்டை வெளியில பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாரு? ஒரு கோயில் இருக்கா, ஒரு கடை இருக்கா? ஏதாச்சும் ஒரு அடையாளம் வேணும்லம்மா.”

“நாங்க அத்தனை பேரு இருக்கமே, அது அடையாளம் இல்லியா?”

மேனேஜர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். மூக்கம்மா எழுந்து வந்துவிட்டாள். ஆனால் அந்த ‘அடையாளம்’ என்ற சொல் செருப்பில் குத்திய முள்ளைப் போல அவளோடு வீடுவரை வந்தது.

விழாவில் கொடுத்த கள்ளியை அவள் தூக்கித்தான் எறிந்திருப்பாள். ஆனால் கிண்ணம் கொண்டு வந்த வழியிலேயே வெடித்து, வெடிப்பு வழியாக நூல் போல வேர் எட்டிப் பார்த்தது. வேலைநீக்கம் செய்யப்பட்ட எதையும் அவளால் தெருவில் விட முடியாது. அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் செடி விற்றுக்கொண்டு வந்த காஜாமைதீனை நிறுத்தி யோசனை கேட்டாள்.

“பெரிய பானைக்கு மாத்துங்கம்மா. ஆத்து மணலும் செங்கப்பொடியும் கலந்து போடுங்க. மாத்தின ஒடனே தண்ணி ஊத்திராதீங்க, வேர்ல காயம் இருக்கும், அழுகிரும். ஒரு வாரம் சும்மா விடுங்க. நேர் வெயில் வேணாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. செடிக்கும் காது உண்டும்மா.”

பானைக்கு எங்கே போவது? கதவுக்குப் பின்னால் பசை வாளி இருந்தது. மைதாவைக் காய்ச்சி, எலி தின்னாமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் கலக்கி, ஊர்ச் சுவர்களில் போஸ்டர் ஒட்டிய வாளி அது. எத்தனையோ வேலைநிறுத்தங்களின் பசை அதன் உட்புறத்தில் மரப்பட்டை போலக் காய்ந்து அடுக்கடுக்காக இருந்தது. மூக்கம்மா ஆணியால் அடியில் ஓட்டை போட்டாள். மீந்து கிடந்த துண்டறிக்கை ஒன்றைப் பட்டையாக மடித்து, கள்ளியின் இடுப்பில் சுற்றித் தூக்கி, முள் படாமல் வாளிக்குள் இறக்கினாள். மணலைப் போட்டு விரலால் தட்டி, வாசல் நிழலில் வைத்தாள். ஒரு வாரம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாரம் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, நல்ல வார்த்தை சொல்ல உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த நல்ல வார்த்தை ஒன்றுதான். “வாழ்க!” என்றாள். கள்ளி அசையவில்லை. “கள்ளி வாழ்க! பச்சை வாழ்க!” என்றாள். மறுநாள் அதன் தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. இன்னும் உரக்கச் சொன்னாள். கள்ளி எலுமிச்சையிலிருந்து பாக்கு அளவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல் ஏறினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூக்கம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது, யாரை நோக்கி என்றும் இல்லாமல், கையை மேலே எறிந்து, “நிக்காமப் போற பஸ்ஸு ஒழிக!” என்றாள்.

வாசல் பானையில் தண்ணீர் மொள்ளக் குனிந்த பஞ்சவர்ணம், மில் வாசலில் வருடக்கணக்காக மதினியின் கோஷத்துக்குப் பதில் கொடுத்த பழக்கத்தில், யோசிக்காமல், “ஒழிக! ஒழிக!” என்றாள்.

வாளிக்குள் அப்பளம் ஒடிகிற சத்தம் கேட்டது. கள்ளி ஒரு சாண் வளர்ந்திருந்தது.

“வர்ணம், இன்னொருக்கா சொல்லு.”

“எதை?”

“ஒழிக!”

“எது ஒழிக?”

“எதையாச்சும் சொல்லுடி!”

“உன் வாய் ஒழிக” என்றாள் பஞ்சவர்ணம். அதற்கு மூக்கம்மா பதில் கொடுக்கவில்லை; கள்ளியும் வளரவில்லை. இப்படியாகச் சட்டம் இரண்டு பேருக்கும் பிடிபட்டது. ஒருவர் முன்குரல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் மனசோடு பின்குரல் கொடுக்க வேண்டும். தனிக்குரலுக்கு அது வளராது. வாழ்க என்றால் வாடும்.

மில் லைனில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. லைனில் குழாயில் காற்று வரும், கம்பியில் மின்சாரம் வராது, மூடிய மில்லின் சங்கு எப்போதாவது தானே ஊதும். அதோடு இதுவும் ஒன்று. மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு மருமகள் ஒருத்தி, இடுப்பில் குடத்தோடு வந்து, “யக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுக்கிரட்டுமா?” என்று கேட்டாள். “போடு.” அவள் குரலை இறக்கி, “மாமியா ஒழிக” என்றாள். குழாயடியிலிருந்த மருமகள்கள் அத்தனை பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஒழிக! ஒழிக!” என்றார்கள். கள்ளி இடுப்புயரம் வந்து, கிழக்குப் பக்கமாக ஒரு கையை நீட்டியது. சேதி கேட்டு மாமியார்கள் மத்தியானம் திரண்டு வந்து, “மருமக ஒழிக!” என்று போட்டார்கள். மேற்கிலும் ஒரு கை வந்தது. செடி சரிந்துவிடாமல் நேராக நின்றது. பிள்ளைகள் “கணக்குப் பரீட்சை ஒழிக” என்று கத்தியபோது முள் வரிசை வரிசையாக அடர்ந்தது. அவர்களைத் தேடி வந்த கணக்கு வாத்தியாரும் ஓரமாக நின்று வாய்க்குள் ஒரு பின்குரல் கொடுத்ததை மூக்கம்மா பார்த்தாள், சொல்லவில்லை. ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“இங்க கோஷம் போடுறதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?”

“செடிக்கு உரம் போடுறதுக்கு எவன்கிட்ட அனுமதி வாங்கணும்?”

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “ஞாயித்துக்கிழமை டூட்டி ஒழிக” என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற பனியன் கம்பெனிப் பெண்கள் அவருக்குப் பின்குரல் கொடுத்தார்கள். தடி வாங்கிய தோள் கொஞ்சம் வலித்தாலும் மூக்கம்மாவும் கொடுத்தாள்.

வாழ்க என்ற சொல் அந்தத் தெருவில் வழக்கொழிந்தது. கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்துகிறவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். கார்க் கண்ணாடியில் ‘வாழ்க வளமுடன்’ என்று ஒட்டியிருந்தவர்கள் துண்டு போட்டு மூடிக்கொண்டு போனார்கள். இதெல்லாம் தெரியாமல் வார்டு கவுன்சிலர் ஒரு நாள் மாலையோடும் ஆட்களோடும் வந்து இறங்கினார். தம் வார்டில் இப்படி ஒரு செடி வளர்வது தம்மால்தான் என்று அவருக்கே தோன்றியிருந்தது. அவர் ஆட்கள், “அண்ணன் வாழ்க! வாழ்க!” என்று ஆரம்பித்தார்கள். கள்ளியின் கிழக்குக் கை எல்லார் கண் முன்னாலும் வற்றல் மிளகாய் போலச் சுருங்கித் தொங்கியது.

“நிறுத்துங்கடா!” என்று மூக்கம்மா பாய்ந்தாள்.

“என்னம்மா, வாழ்கன்னுதான சொல்றாங்க?”

“அதான்யா அதுக்கு ஆகல. நீங்க போங்க. நீங்க போனாத்தான் செடி பொழைக்கும்.”

அவர் போனார். போகும்போது தெருவே ஒரு கோஷம் போட்டது; அது என்னவென்று எழுத வேண்டியதில்லை. கிழக்குக் கை நிமிர்ந்து, முன்னைவிட ஒரு முழம் நீண்டது. பசை வாளி படாரென்று வெடித்தது.

வெடித்த வாளியைப் பார்த்தபடி நின்ற மூக்கம்மாவுக்கு அப்போதுதான் அந்தச் சொல் மறுபடி குத்தியது. அடையாளம்.

“வர்ணம்,” என்றாள், “இதை ரோட்டுக்குக் கொண்டு போறோம். புளியமரம் நின்ன எடத்துக்கு.”

“நான் போகப்போற நேரத்துல உனக்கு எதுக்கு மதினி இந்த வேலை?”

“நீ போகாம இருக்கத்தான்டி இந்த வேலை” என்று சொல்லியிருக்கலாம். மூக்கம்மா அப்படிப் பேசிப் பழகியவள் அல்ல. “சாக்கு கொண்டா” என்றாள்.

லைனே சேர்ந்து செடியைச் சாக்கில் சுற்றி, பழைய சேலைகளால் கட்டி, மீன் விற்கும் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டு போனது. புளியமரத்தின் அடிக்கட்டை இருந்த இடத்தில், பாழ்கிணற்றிலிருந்து பெயர்த்த சிமெண்ட் உறை ஒன்றை நிறுத்தி, மணலும் செங்கல்பொடியும் நிரப்பி நட்டார்கள். இந்த முறை காஜாமைதீன் தானே வந்து வேர்களைத் தடவிப் பார்த்தார். நிறைய அறுந்திருந்தன.

“அம்மா, ஒரு வாரம். தண்ணியும் கூடாது, சத்தமும் கூடாது. காயம்பட்ட வேரு. ஒரு ‘ஒழிக’ விழுந்தாலும் வளர நெனைக்கும், வளர முடியாது, செத்துரும்.”

“ஒரு வாரம் வாயை மூடவா? எமர்ஜென்சிலயே நான் மூடலயே.”

“அதை இன்னொருத்தர் மூடச் சொன்னாங்க. இதை நீங்களா மூடணும்.”

மூக்கம்மா மூடினாள். லைன் முழுவதும் மூடியது. அதுபோல ஒரு வாரத்தை மில் லைன் கண்டதில்லை. பஸ்கள் நிற்காமல் போயின. எவரும் கல்லெடுக்கவில்லை, கையை உயர்த்தவில்லை. குழாயில் காற்று வந்தது. பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மாமியார்களும் மருமகள்களும் சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கையால் காட்டித்தான் கேட்டுக்கொண்டார்கள். சொல்லாத ‘ஒழிக’க்கள் வீடுகளுக்குள் நெல் மூட்டை போலச் சேர்ந்து, கதவைத் திறந்தால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மூக்கம்மா தினமும் கள்ளிக்கு எதிரே உட்கார்ந்து, தலையில் முந்தானையைப் போட்டு, அதற்கு நிழல் விழுகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் ஆர்ச்சுக்குப் போகும்போதும் வரும்போதும் அவளைக் கடந்து போனாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை.

தை பிறந்தது. அந்த வாரமும் முடிந்தது.

காலையில் ரோட்டோரத்தில் லைனே நின்றது. பஞ்சவர்ணமும் வந்தாள், துணிப் பையோடு. திருப்பூருக்குப் போக டவுன் பஸ்ஸைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். ஆர்ச்சுக்கு நடக்கக் கிளம்பியவள், கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

தூரத்தில் டவுன் பஸ் வந்தது. எல்லாரும் மூக்கம்மாவைப் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தி வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

மில் சங்கையே அடக்கிய தொண்டை, ஒரு வாரம் சும்மா கிடந்ததில் துருப்பிடித்துவிட்டது. மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. கூட்டம் காத்திருந்தது. இத்தனை வருடத்தில் ரோட்டில் அவள் தவிர யாரும் முன்குரல் கொடுத்ததில்லை. கொடுக்க அவள் விட்டதும் இல்லை. பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கம்மா திரும்பிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். அந்தப் பார்வையில் கட்டளை இல்லை. கேட்காதவள், முதல்முறையாக, கேட்டாள்.

பஞ்சவர்ணம் பையைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோஷம் எழுதத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“என் முட்டி வலி ஒழிக!”

ஒரு கணம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று கூட்டத்தைத் தொட்டுப் போனது. ஆனால் முட்டி இல்லாதவர் யார்? “ஒழிக! ஒழிக!” என்று எழுந்தது லைன், ஒரு வாரமாக மூட்டை கட்டி வைத்த அத்தனை ‘ஒழிக’க்களும் அவிழ்ந்து எழுந்தன, அந்த நூறு குரலுக்கு நடுவே, காற்றை மட்டும் வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வாழ்க்கையில் முதல்முறையாக நாத்தனாருக்குப் பின்குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் தோழர் மூக்கம்மா.

கள்ளி எழுந்தது. சிமெண்ட் உறையிலிருந்து தோளுயரம், ஆளுயரம், கூரையுயரம், வெட்டுப்பட்ட புளியமரத்தின் உயரம், அதற்கும் மேலே. கைகள் ரோட்டுக்கு மேலாக விரிந்து, தலைச்சுமைக்காரி நின்று இளைப்பாறுகிற அளவுக்குக் கீழே நிழலைப் போட்டன. உச்சியில் விரித்த குடை அளவில் ஒரு மஞ்சள் பூ திறந்தது. மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை ரோடெங்கும் அடித்தது.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். அப்படி ஒன்று நிற்கிற இடத்தில் நிறுத்தாமல் போக எந்த டிரைவரின் காலுக்கும் பழக்கமில்லை. கண்டக்டர் படியில் தொங்கியபடி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கூட்டத்தைப் பார்த்ததும், யோசித்து அல்ல, தொழில் பழக்கத்தில், விசிலை ஊதிச் சொன்னார்:

“கள்ளியெல்லாம் எறங்கு! கள்ளியெல்லாம் ஏறு!”

“எவடா கள்ளி?” என்றாள் தள்ளுவண்டி மீன்காரி.

“ஐயோ, ஸ்டாப்பைச் சொன்னேன்கா!”

“சொல்லு, சொல்லு. நல்லாத்தான் இருக்கு.”

பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பஞ்சவர்ணம் கம்பியைப் பிடித்து ஒரு படி ஏறி நின்றாள்.

“எங்கம்மா போகணும்?”

அவள் திரும்பி மூக்கம்மாவைப் பார்த்தாள். கீழே கிடந்த துணிப் பையைக் காட்டினாள்.

“மதினி, அதை எடுத்துட்டுப் போயி உள்ள வை. வெயில்ல கெடக்குது.” பிறகு கண்டக்டரிடம், “ஆஸ்பத்திரி” என்றாள்.

மூக்கம்மா பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஸ் நகர்ந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு சொல்தான். அது செடிக்கு ஆகாது என்பதால், பக்கத்துத் தெருவரை நடந்து போய், அங்கே யாரும் இல்லாத இடத்தில் நின்று, வராத குரலில் சொல்லிவிட்டு வந்தாள்.